கூர்மை மட்டும் போதுமா? ஒரு கத்தியின் பலம் எங்கே இருக்கிறது?

மெக்சிகோவின் அஸ்டெக் வீரர்கள் மரத்தடியின் இரு ஓரங்களிலும் எரிமலைக் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்துப் போருக்குப் போனார்கள். எஃகைவிடக் கூர்மையான ஆயுதம் அது. ஆனால், கடினமான பொருளில் மோதினால் சில்லு உடைந்துவிடும்.

வெட்டும் ஆயுதத்துக்கு இரண்டு குணங்கள் வேண்டும். ஒன்று, முனை மழுங்காத கடினத்தன்மை. மற்றொன்று, அடிபட்டாலும் முறியாத உறுதி. சிக்கல் என்னவென்றால், ஒன்று கூடினால் மற்றொன்று பெரும்பாலும் குறையும்!

செம்பில் செய்த கத்தி எளிதில் வளையும். அதில் சுமார் 10 சதவிகிதம் வெள்ளீயம் சேர்த்தால் வெண்கலம், நல்ல உறுதி. சுத்தமான இரும்புகூட நல்ல வெண்கலத்தைவிட மென்மையானதுதான். ஆனாலும் இரும்பு வென்றதற்குக் காரணம், வெள்ளீயம் சில இடங்களில்தான் கிடைக்கும். இரும்புத்தாது பல ஊர்களில் கிடைக்கும்.

அந்த இரும்பை ஆயுதமாக்கியது கார்பன். கார்பன் மிகக் குறைவாக இருந்தால், வளையும் தேனிரும்பு. 2 சதவிகிதத்தைத் தாண்டினால், ஓங்கி அடித்தால் உடையும் வார்ப்பிரும்பு. இடைப்பட்டதுதான் எஃகு!

எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கடினமாகும். கூடவே நொறுங்கும் குணமும் வரும். அதனால் மறுபடியும் இதமாகச் சூடுகாட்டிப் பதப்படுத்துவார்கள். ஜப்பானிய வாள் கொல்லர்கள் வாளின் முதுகில் களிமண்ணைத் தடிமனாகப் பூசிவிட்டு முக்கினார்கள். முதுகு மெதுவாகக் குளிர்ந்து உறுதியாக இருக்கும். முனை சட்டென்று குளிர்ந்து கடினமாகும்.

தென்னிந்தியக் கொல்லர்களின் வழி வேறு. இரும்பையும் மரத்துண்டு, இலைகளையும் மண்குகையில் வைத்து மூடி உருக்கினார்கள். கிடைத்த எஃகில் சுமார் 1.5 சதவிகிதம் கார்பன். ‘வூட்ஸ்’ என்று உலகம் அழைத்த இந்த எஃகு மேற்காசியாவுக்குக் கப்பலேறி, அலையலையான கோடுகளோடு மின்னும் டமாஸ்கஸ் வாளானது. தமிழகத்தின் மேல்சிறுவளூரில் இந்த உருக்குத் தொழில் நடந்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. மின்சாரத்தில் சாதனை படைத்த மைக்கேல் ஃபாரடேகூட இதன் ரகசியத்தைத் தேடி ஆய்வு செய்தார். ஆனால், 19-ம் நூற்றாண்டில் ஆலை எஃகு மலிவாக வந்து குவிய, அந்தக் கைப்பக்குவம் வழக்கொழிந்தது. அதைத்தான் விஞ்ஞானிகள் சோதனைக்கூடத்தில் மீட்க வேண்டியிருந்தது.

இதே கணக்குதான் சமையலறையிலும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கத்தியைக் குரோமியம் துருவிலிருந்து காக்கிறது. கொல்லுப்பட்டறை அரிவாள்மனை துருப்பிடிக்கும். ஆனால், சாணை பிடித்தால் சட்டென்று கூர்மை ஏறும். எலுமிச்சை நறுக்கியதும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, துளி எண்ணெய் தடவி வையுங்கள். பல வருஷம் உழைக்கும்!