சக்கையில் முளைத்த காடு

ஆரஞ்சுப் பழத்தைப் பிழிந்தால் அதன் எடையில் ஏறத்தாழப் பாதி, தோலும் சக்கையுமாக மிஞ்சிவிடும். வீட்டில் அது ஒரு கைப்பிடி. பழச்சாறு ஆலையில் அது மலை.

1990களில் மத்திய அமெரிக்க நாடான கோஸ்டாரிகாவில் 'டெல் ஓரோ' என்ற பழச்சாறு நிறுவனம் இந்த மலையை எங்கே கொட்டுவது என்று தவித்தது. அதன் தோட்டத்தை ஒட்டியே குவானகாஸ்டே வனப் பாதுகாப்புப் பகுதி. அங்கே பல ஆண்டுகளாக ஆய்வு செய்துவந்த டேனியல் ஜான்சென், வின்னி ஹால்வாக்ஸ் தம்பதி ஒரு யோசனை சொன்னார்கள்: நிறுவனத்திடம் உள்ள காட்டு நிலத்தைப் பாதுகாப்புப் பகுதிக்குக் கொடுங்கள், பதிலுக்குச் சக்கையை அதன் பாழ்நிலத்தில் கொட்டிக்கொள்ளுங்கள்.

அந்த நிலம் ஒரு காலத்தில் மாடுகள் மேய்ந்த இடம். மண் இறுகிக் கிடந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த 'ஹராகுவா' புல் ஆளுயரத்துக்கு அடர்ந்திருந்தது. மரவிதை விழுந்தாலும் தலைதூக்க விடாது. தப்பி முளைத்த கன்றையும் கோடைத் தீ பொசுக்கிவிடும். காடு திரும்பி வராததற்கு இந்தப் புல்தான் பெரிய காரணம்.

சுமார் 1,000 லாரி லோடு, 12,000 டன் சக்கை, மூன்று ஹெக்டேரில் கொட்டப்பட்டது. கனத்த அந்தப் போர்வையின் கீழே வெளிச்சமின்றிப் புல் செத்தது. ஈக்கள் மொய்த்து முட்டையிட்டன. புழுக்கள் சக்கையைத் தின்று தீர்க்க, கருகருவென்று பொலபொலப்பான மண் மிஞ்சியது. சக்கை முதலில் பகையான புல்லை அமுக்கி, பிறகு தானே உரமாக மாறியது. இந்த முறையின் அழகே அதுதான்.

ஆனால் போட்டி நிறுவனமான 'டிக்கோஃப்ரூட்', டெல் ஓரோ பாதுகாப்புப் பகுதியை அசுத்தப்படுத்துவதாக வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் அதன் பக்கம் தீர்ப்பளித்தது. லாரிகள் நின்றன, அந்த இடமும் பெரும்பாலும் மறக்கப்பட்டது.

2013இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் டிமத்தி ட்ரூயர் தேடிப் போனபோது முதல் தடவை இடமே பிடிபடவில்லை. மஞ்சள் எழுத்திட்ட அறிவிப்புப் பலகையைக் கொடிகள் மூடியிருந்தன. சாலைக்கு மறுபுறம், சக்கை விழாத நிலம் பெரும்பாலும் புல்லாகவே கிடக்க, இந்தப் பக்கம் காடு! அளந்து பார்த்ததில் தரைக்கு மேலுள்ள மர உயிர்த்திணிவு மறுபுறத்தைவிட 176 சதவீதம் அதிகம். மர வகைகளும் ஏறக்குறைய மும்மடங்கு. 2017இல் முடிவுகள் வெளியாயின.

எந்த ஆலைக் கழிவையும் எங்கேயும் கொட்டலாம் என்பதல்ல இதன் பொருள். இது நஞ்சில்லாமல் மட்கும் பழச்சக்கை. விதை தரும் காடும் பக்கத்திலேயே இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் வழக்கு குறுக்கிடாமல் இருந்திருந்தால் அந்தக் காடு மூன்று ஹெக்டேரைத் தாண்டியிருக்கலாம்.