ஆறாம் வகுப்பிலேயே தொடங்கும் கல்லூரி விண்ணப்பம்

சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அல்சூரில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் காலையிலேயே வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பை நிறையச் சான்றிதழ்கள். முகம் வாடியிருந்தது.

நண்பருக்குச் சொந்த ஊர் குடியாத்தம். பீனியாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. முதலில் தனியாக வந்து அறையில் தங்கியிருந்தார். பிறகுதான் குடும்பத்தை அழைத்து வந்தார். அப்போது மகன் எட்டாம் வகுப்பு. மகள் ஆறாம் வகுப்பு.

மகன் பி.யு.சி.யில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தான். சி.இ.டி. நுழைவுத் தேர்வும் எழுதியிருந்தான். சான்றிதழ் சரிபார்க்கும்போதுதான் இடி விழுந்தது.

"சார், பையன் கர்நாடகத்தில் அஞ்சு வருஷம்தான் படிச்சிருக்கானாம். ஏழு வருஷம் வேணுமாம். இத்தனை நாள் இது எனக்குத் தெரியாதே" என்றார்.

ஏழு ஆண்டுக் கணக்கு

கர்நாடகத் தேர்வு ஆணையம் சி.இ.டி. மூலம் நிரப்பும் பொறியியல் இடங்களுக்கு மாணவரின் தகுதியைப் பல பிரிவுகளாக வகுத்திருக்கிறார்கள். பெரும்பாலோருக்குப் பொருந்துவது ஒன்றுதான். முதல் வகுப்பு முதல் பி.யு.சி. வரை உள்ள 12 ஆண்டுகளில் குறைந்தது 7 ஆண்டுகளாவது கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும். ராணுவத்தினர், மத்திய அரசு ஊழியர் பிள்ளைகள் போன்றோருக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. தனியார் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவருக்கு அந்த வழி இல்லை.

நண்பரின் மகன் எட்டு முதல் பி.யு.சி. இரண்டாம் ஆண்டு வரை இங்கே படித்தவன். ஐந்தே ஆண்டுகள். ஆறாம் வகுப்பில் சேர்ந்த மகளுக்கோ சரியாக ஏழு ஆண்டுகள் வந்துவிடும். ஒரே நாளில், ஒரே ரயிலில் வந்து இறங்கிய இரண்டு பிள்ளைகள். ஒருத்திக்குக் கதவு திறந்திருக்கிறது. மற்றவனுக்கு மூடியிருக்கிறது.

பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் ஊரில் விட்டுவிட்டு இங்கே பிழைக்கும் பெற்றோர் நம்மில் எத்தனையோ பேர். "பத்தாவது முடிந்ததும் அழைத்து வந்துவிடலாம்" என்று நினைப்பவர்கள் ஒரு தடவை விரல்விட்டு எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஊர்ச் சான்றிதழ் இங்கே செல்லாது

இன்னொன்று சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் வாங்கிய சான்றிதழைக் காட்டிக் கர்நாடக அரசின் இடஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் பட்டியலும் மாநிலவாரியாக அமைந்ததுதான். ஆந்திரத்திலிருந்து தகப்பனாரின் வேலை காரணமாகப் பம்பாய்க்குக் குடிபெயர்ந்த ஒரு மாணவர், பழங்குடியினர் ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் கேட்டுச் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். பிறந்த மாநிலத்துச் சலுகை குடிபெயர்ந்த மாநிலத்துக்குத் தானாகத் தொடர்ந்து வராது என்று 1990-ம் ஆண்டு தீர்ப்பானது.

பல தலைமுறைகளாக இங்கேயே இருப்பவர்கள் நாட கச்சேரியில் சாதி, வருமானச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்கலாம். அவற்றில் அச்சாகும் ஆர்.டி. எண்ணைத்தான் சி.இ.டி. விண்ணப்பத்தில் எழுதுகிறோம். சான்றிதழில் ஒரு பெயர், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறு பெயர், தகப்பனாரின் முன்னெழுத்து ஓர் இடத்தில் முன்னால், இன்னோர் இடத்தில் பின்னால் என்றிருந்தால் சிக்கல்தான். கடைசி வாரத்தில் இதைத் திருத்த அலைவதைவிட, பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே திருத்திவிடுவது நல்லது.

மூடாத கதவுகள்

ஒரு கதவு மூடினால் எல்லாம் முடிந்துவிடவில்லை. தனியார் பொறியியல் கல்லூரிகளுக்காக நடக்கும் காமெட்-கே தேர்வை எந்த மாநிலத்து மாணவரும் எழுதலாம். தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள், வெளிமாநிலத்தில் படித்திருந்தாலும், இருப்பிடச் சான்றிதழ் காட்டித் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கலந்துகொள்ளலாம். ஆனால் அங்குள்ள 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு மட்டுமே.

நண்பர் மறுநாளே குடியாத்தத்துக்கு ரயில் ஏறினார். தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். மகனுக்கு வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. பெருமூச்சு விட்டார். பிறகுதான் விடுதிச் செலவு என்ற ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது!

ஒரே பெஞ்சு, மூன்று கட்டணம்

பெங்களூர்த் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் ஒரே பெஞ்சில் மூன்று மாணவர்கள் உட்கார்ந்திருக்கலாம். ஒருவன் சி.இ.டி. மூலம் வந்தவன், அவனுக்குக் கட்டணம் குறைவு. அடுத்தவன் காமெட்-கே; அவனுக்கு அதைவிட அதிகம். மூன்றாமவன் நிர்வாக ஒதுக்கீடு. அவனுக்கு எல்லாரையும்விட அதிகம். ஆசிரியர் ஒருவரே. பட்டமும் ஒன்றே. எந்தக் கல்லூரி என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்த வாசல் வழியாக என்றும் கேட்க வேண்டும்.

ரசீது இல்லாமல் நன்கொடை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நன்கொடை வசூலைத் தடுக்கக் கர்நாடக அரசு 1984-ம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியிருக்கிறது. கர்நாடகத்தைப் பற்றிய ஒரு வழக்கிலேயே, 1992-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதைக் கண்டித்துத் தீர்ப்பளித்தது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டிருக்கிறது.

குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் 5 சதவீத இடங்களைக் கல்விக் கட்டண விலக்குடன் கூடுதலாகத் தருகிறார்கள். மற்றச் சில்லறைக் கட்டணங்கள் மட்டும் உண்டு. வருமானச் சான்றிதழ் இல்லாமல் இதைத் தவறவிடுவோர் பலர்.

கடனுக்கு முன் கணக்கு

கல்விக் கடன் வாங்குவது தவறல்ல. கணக்குப் போடாமல் வாங்குவதுதான் தவறு.

ஆண்டுக்கு 1.25 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் 5 லட்சம் ரூபாய் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஐந்தாம் ஆண்டு முடிவில் தனி வட்டி மட்டும் 1.75 லட்சம் ஆகிவிடும். மொத்தக் கடன் 6.75 லட்சம். அதை ஏழு ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 11,200 ரூபாய் கட்ட வேண்டும்.

வட்டியை மட்டும் அப்போதைக்கப்போது கட்டிவந்தால்? முதல் ஆண்டில் மாதம் ஆயிரம் ரூபாய் அளவில் தொடங்கி, கடைசியில் நாலாயிரத்துச் சொச்சம் வரும். ஆனால் பிள்ளையின் பிற்காலத் தவணை 8,300 ரூபாயாகக் குறைந்துவிடும்.

ஆண்டு வருமானம் 4.5 லட்சம் வரை உள்ளவர்களுக்கு, தகுதி பெற்ற நிறுவனங்களில் தொழிற்கல்வி படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமித் திட்டத்தில், தேர்ந்தெடுத்த உயர்தர நிறுவனங்களில் சேர்வோர் ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் பெறலாம். வங்கிக்குப் போகும்போது இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பிள்ளையிடம் மறைக்காதீர்கள்

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. "நீ படி, பணத்தைப் பற்றி உனக்கென்ன?" என்போம். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் நாலு வருஷம் கழித்து அந்தத் தவணையைக் கட்டப் போவது அந்தப் பிள்ளைதானே? அம்மாவின் வளையல் அடகுக் கடையில் இருப்பதை யாரோ சொல்லித் தெரிந்துகொள்வதைவிட, அப்பா வாயால் கேட்பது எவ்வளவோ மேல்.

நண்பர் இப்போது திருந்திவிட்டார். மகள் பி.யு.சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரவும் செலவும் எழுதி அவளிடமே கொடுத்துவிட்டார். அண்ணனின் விடுதிச் செலவைப் பார்த்த பெண், "அப்பா, வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற காலேஜ்களையும் லிஸ்டில் எழுதலாமா?" என்று கேட்டாளாம்.

"எழுதலாம். ஆனால் அண்ணனுக்குச் செலவழிப்பதில் ஒரு ரூபாய்கூட உனக்குக் குறையாது. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு எழுது" என்றாராம் நண்பர்.

உங்கள் பிள்ளை ஆறாம் வகுப்போ, பத்தாம் வகுப்போ, எதுவாக இருந்தாலும் சரி. வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையைப் பரணிலிருந்து இறக்குங்கள். பெயர்கள் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். இங்கே படித்த ஆண்டுகளை எண்ணுங்கள். எண்ணும்போது பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.