உள்ளத்தை அளக்கும் கோல்

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்காக அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் திரளும் மக்களின் தொகையை ஒருவாறு கணித்துவிடலாம். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணைப்பற்றி அம்மக்கள் உள்ளத்தே கொண்டுள்ள எண்ணத்தைக் கணிக்க இயலுமா? இயலும் என்பர் உளவியலார்.

“அவள் ஏன் தனியே போனாள்? ஏன் கூச்சலிடவில்லை?” இவை வினாக்கள்போலத் தோன்றினும் தீர்ப்புகளே. இத்தீர்ப்புக்கு அஞ்சியே பெண்கள் பலர் பொலிஸ் நிலையத்துக்கோ வைத்தியசாலைக்கோ செல்லாது வாய்மூடி இருந்துவிடுகின்றனர்.

கொலீன் வார்ட் என்னும் அறிஞர் சிங்கப்பூரிலே ஆய்வு நடத்தி, 1988ஆம் ஆண்டில் இதற்கென ஓர் அளவுகோலை வெளியிட்டார். அதில் 25 கூற்றுகள் உண்டு. ஒவ்வொன்றையும் எவ்வளவு ஏற்கிறோம், எவ்வளவு மறுக்கிறோம் என்பதை ஐந்து படிகளில் குறித்தல் வேண்டும். மொத்த எண் 100. எண் ஏற ஏறப் பழி பெண்மேல் ஏறுகிறது எனக் கொள்க. எல்லாவற்றுக்கும் தலையசைப்பவரால் கணக்குப் பிழையாதிருக்க, பெண்ணுக்குச் சார்பான கூற்றுகளும் இடையிடையே கலந்துள்ளன. பல நாட்டு மாணவரிடையே இதைப் பயன்படுத்தியபோது, பிரித்தானியாவைவிட மலேசியாவிலும் இந்தியாவிலும் எண் உயர்ந்து நின்றது.

ஆயின், மொழிக்கு மொழி கோல் கோணாதிருத்தல் வேண்டும். ‘கற்பழிப்பு’ என்ற நம் பழஞ்சொல்லையே நோக்குக. குற்றம் புரிந்தவன் ஒருவன். அழிந்ததோ அவள் கற்பு என்கிறது அச்சொல்! அதைக்கொண்டு வினவினால், விடை பிறக்குமுன்னரே துலாக்கோல் சாய்ந்துவிடும். ஐக்கிய நாடுகள் நிறுவனங்கள் 2013இல் வெளியிட்ட ஆறு நாட்டு ஆய்வு, குற்றத்தின் பெயரைக் கூறாது செயலை மாத்திரம் விவரித்து, 10,000க்கு மேற்பட்ட ஆண்களை வினவியது. இலங்கையில் அவ்வாய்வு நடந்த நான்கு மாவட்டங்களுள் மட்டக்களப்பும் ஒன்று.

உடலிற் காயமிருந்தாற்றான் சம்மதமின்மை மெய்ப்படும் என்பதில்லை என இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தெளிவாக்கிவிட்டது. சட்டத்தை ஒரு நாளில் திருத்தலாம். உள்ளம் அவ்வாறு திருந்துவதில்லை. எங்கே, எவ்வளவு திருந்தவேண்டும் என்பதைக் காட்டுவதே அளவையின் பயன்.

வைகாசியிலே கண்ணகியம்மனுக்குக் குளிர்த்தி பாடும் நாடு நம் நாடு. நீதி கேட்டு அவை ஏறிய பெண்ணைத் தெய்வமெனப் போற்றுகின்றோம். இன்று நீதி கேட்டு வருபவளிடம் நாம் கேட்கும் முதல் வினா யாரைப்பற்றியது? அவளைப்பற்றியதா, அவனைப்பற்றியதா? நேயர்களே, அதுவே நம்மை அளக்கும் கோல்.