எழுபது எழுத்துக்குள் ஒரு கூட்டம்

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ், கோடையில் செய்யும் சிறுபோகம் எல்லா வயலுக்கும் கிடைப்பதில்லை. மாரி முடிந்து குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று பார்த்துத்தான், எவ்வளவு ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு என்ன பங்கு என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகும். தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் நாள், மாடுகளைக் கட்ட வேண்டிய நாள் எல்லாம் அங்கேயே தீர்மானிக்கப்படும். அந்த முடிவு வட்டக்கச்சியிலோ முரசுமோட்டையிலோ உள்ள ஒருவரின் காதுக்குப் பிந்திப் போனால், நட்டம் அவருக்குத்தான்.

கமக்காரர் அமைப்புகள் இப்போது குறுஞ்செய்தியையும் வட்ஸ்அப்பையும் நம்புகின்றன. நல்லதுதான். ஆனால் தமிழ்க் குறுஞ்செய்தியின் கணக்கு வேறு. ஆங்கிலத்தில் 160 எழுத்து வரை ஒரே செய்தி. தமிழில் 70 மட்டும். அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். ‘கூட்டம்’ என்பது நமக்கு நாலு எழுத்து, தொலைபேசிக்கு ஏழு. ‘மதிப்பிற்குரிய அங்கத்தவர்களுக்கு வணக்கம்’ என்று தொடங்கினால் மரியாதைக்கே 40 போய்விடும். மிச்சம் அடுத்த செய்தியாகப் பிரிந்து, அதற்கும் காசு போகும். ‘சிறுபோகக் கூட்டம் மார்ச் 20 காலை 9, கமநல நிலையம். நீர் 24 அடி.’ என்று எழுதிப் பாருங்கள்: 62தான். நீர்மட்டத்தைச் சேர்த்தது வீண் அலங்காரமில்லை. 24 அடி என்றால் தன் காணிக்குத் தண்ணீர் வருமா வராதா என்று கமக்காரர் அந்த இடத்திலேயே கணக்குப் போடுவார்; கூட்டத்துக்கும் வருவார்.

கூட்டத்துக்கு அழைக்கும் செய்தி எப்படியோ போய்விடுகிறது. கூட்டம் முடிந்தபின் போகவேண்டிய செய்திதான் போவதில்லை. தீர்மானம் செயலாளரின் கூட்டறிக்கைக் கொப்பியிலேயே கிடக்கும். கூட்டத்துக்கு வராதவருக்குத்தான் அது அதிகம் தேவை.

அடுத்த சிக்கல் பெயர்ப்பட்டியல். போரும் இடப்பெயர்வும் கண்ட மண்ணில் காணிக்காரர் லண்டனிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பார். குத்தகைக்குச் செய்பவர் பன்னங்கண்டியில் இருப்பார். பட்டியலில் காணிக்காரரின் இலக்கம் மட்டும் இருந்தால், தண்ணீர் திறக்கும் செய்தி லண்டனுக்குப் போய், அங்கிருந்து வாய்க்காலுக்குத் திரும்ப வேண்டும். உரிமையாளருக்கு ஒன்று, செய்பவருக்கு ஒன்று என இரண்டு பட்டியல் வேண்டும். பெண் தலைமை தாங்கும் வீடுகளில் மகனின் இலக்கத்தை எழுதிவிட்டு, மகன் கொழும்பில் வேலை செய்வதை மறந்துவிடுகிறோம்.

வட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே முக்கிய செய்தி புதைந்துபோகும். நிர்வாகிகள் மட்டும் எழுதக்கூடிய குழு ஒன்றைத் தனியாக வைத்தால் பாதித் தலையிடி குறையும். பயனாளிகளின் அடையாள அட்டை இலக்கங்களைக் குழுவில் போடும் பழக்கத்தையும் விடவேண்டும். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இலேயே 9ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. வெள்ள எச்சரிக்கை என்றால் கதை வேறு. 2018 டிசெம்பர் 21 இரவு கொட்டிய மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கின. இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. நள்ளிரவில் யார் வட்ஸ்அப் பார்ப்பார்? அப்படியான இரவுக்குக் கோயில் ஒலிபெருக்கியும் கதவைத் தட்டும் ஆளும் வேண்டும்.

மின்னஞ்சல் உண்மையில் பலன் தருவது ரொறன்ரோ, லண்டன் பக்கம் உள்ள ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும்தான். அங்கே ஒருவர் தன் சொந்த ஜிமெயிலிலிருந்து எல்லாருடைய முகவரியும் எல்லாருக்கும் தெரியும்படி அனுப்புவார். இலவச ஜிமெயிலில் ஒருநாளைக்கு 500 பேருக்குமேல் அனுப்ப முடியாது. 2024 பெப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் அனுப்புநரை உறுதிப்படுத்தும் விதிகளை இறுக்கியதால், அப்படி உறுதிப்படுத்தப்படாத முகவரியிலிருந்து போகும் மடல் குப்பைப் பெட்டியில் விழலாம். கனடாவில் 2014 முதல், விற்பனை சார்ந்த மடலில் விலகும் வழி இருக்கவேண்டும். விலகக் கேட்டவரை 10 வேலை நாட்களுக்குள் நீக்கவும் வேண்டும். தலைப்பில் ‘முக்கிய அறிவித்தல்’ என்று போடுவதை விட ‘பாடசாலைக் கிணறு முடிந்தது, கணக்கு உள்ளே’ என்று போடலாம். காசு கேட்கும் மடலையே கண்டு சலித்தவர்கள் அதைத் திறப்பார்கள்.

மடலை எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணையும் நம்பவேண்டாம். 2021இல் அப்பிள் தன் மடல் செயலியில் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, வாசிக்காத மடலும் வாசித்ததாகக் கணக்கில் விழக்கூடும். கமக்காரர் அமைப்பில் என்றால், கூட்ட வரவு இடாப்பில் கூடுதலாக ஒரு நிரலுக்குக் கோடு போட்டு, ‘தகவல் எப்படிக் கிடைத்தது’ என்று கேட்டால் போதும். இரண்டு போகம் அப்படி எழுதினால், எந்த வாய்க்காலுக்குக் குறுஞ்செய்தி போதும், எந்த வாய்க்காலுக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று செயலாளருக்கே தெரிந்துவிடும்.