'உராய்வு' என்று எழுதி முடித்துவிட வேண்டாம்

விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலை வெடித்தால், மறுநாள் செய்தியில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: 'மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு விபத்து.' டீக்கடையில் அதற்கு ஒரு பின்குறிப்பும் சேரும்: "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்." அத்தோடு செத்தவர் தலையிலேயே பழி விழுந்து கணக்கு முடிந்துவிடும்.

உராய்வு பொய்யல்ல. ஆனால் ஒரு கை உராய்ந்ததில் ஒரு கட்டடமே போகிறது என்றால், அந்தக் கை அங்கே வருமுன் என்னென்ன நடந்தது என்று கேட்க வேண்டும்.

தூளுக்குள் நடப்பது

வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர். வெடிகளுக்கான மருந்தில் பெரும்பாலும் இவை மூன்றும் இருக்கும். வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட் தானாக எரியாது. எரிவதற்கான ஆக்சிஜனைக் கொடுக்கும். மற்ற இரண்டும் எரிபொருள். மூன்றும் கலந்தபின் எரிய வெளிக்காற்றே தேவையில்லை. மூடி அணைக்கவும் முடியாது.

திடப்பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரிவது துகளும் துகளும் தொடும் இடத்தில்தான். கட்டியாக இருந்தால் தொடுமிடம் குறைவு. வினை மெதுவாகப் போகும். மாவாகச் சலித்துக் கலந்தால் தொடுமிடம் பல மடங்கு பெருகும். கந்தகம் சுமார் 115 டிகிரி செல்சியஸிலேயே உருகும். ஓர் இடத்தில் சூடேறி அது உருகினால் பக்கத்துத் துகள்களை நனைக்கும். அங்கே வினை தொடங்கும், அந்தச் சூட்டில் அடுத்த துகள் பிடிக்கும். இதற்கெல்லாம் கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது.

இன்னொரு ஆபத்து மெதுவாக வரும். ஈரம் பட்ட கலவையில் அலுமினியமும் நைட்ரேட்டும் தமக்குள் வினைபுரிந்து சூட்டையும் அமோனியாவையும் வெளிவிடும். அதை அடக்கத்தான் போரிக் அமிலம் சிறிதளவு சேர்ப்பது வழக்கம். மிஞ்சிய மருந்தை இரவெல்லாம் மூடி வைத்தால் சூடு வெளியேற வழியில்லை. மறுநாள் காலை மருந்து வெதுவெதுப்பாக இருந்தாலோ, அமோனியா நெடி வந்தாலோ கிளறக் கூடாது. தண்ணீரும் ஊற்றக் கூடாது. எல்லாரையும் வெளியேற்றிவிட்டு போர்மேனிடம் சொல்வதுதான் வழி.

வெடியுப்புக்குப் பதிலாகக் குளோரேட் உப்பைக் கந்தகத்தோடு சேர்த்தால் இன்னும் மோசம். சிறு உரசலே போதும். சில வேளை அதுகூட வேண்டாம். அதனால்தான் இந்தக் கலவையை மத்திய அரசு 1992-இல் தடை செய்தது.

ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு வினை

ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது, அளவுக்கு மேல் மருந்து இருக்கக் கூடாது என்பதெல்லாம் ஒன்று வெடித்தால் அடுத்தது பற்றாமல் இருக்கத்தான். தரையில் மின்கடத்தும் ரப்பர் விரிப்பும், உடம்பில் பருத்தித் துணியும், வாசலில் தொட்டுவிட்டு நுழையச் செம்புத் தகடும் நிலைமின்சாரத்துக்காக. மாவட்ட வருவாய் அலுவலர் தரும் உரிமத்தில் ஒரு நேரத்தில் 15 கிலோதான் வைக்கலாம். அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு வானில் வெடிக்கும் பேன்சி ரகம் செய்வதும், அறைகளை உள்குத்தகைக்கு விடுவதும், மரத்தடியில் மருந்து செலுத்துவதும் வெறும் காகிதக் குற்றங்கள் அல்ல.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்துச் சுமார் 40 பேர் இறந்தார்கள். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவ ஓடியவர்களும் அடுத்தடுத்த வெடிப்புகளில் சிக்கினார்கள். முதல் சத்தம் கடைசிச் சத்தமாக இருக்காது. அந்தப் பக்கம் ஓடாதீர்கள்.

வேலையில் இருக்கும்போது

நீங்கள் தொடும் மருந்தில் என்ன இருக்கிறது என்று கேட்பது உங்கள் உரிமை. போபால் பேரழிவுக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட உரிமை அது. உடனடி ஆபத்து தெரிந்தால் நிர்வாகத்திடம் சொல்லலாம். தொழிலகப் பாதுகாப்பு ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். 18 வயது நிரம்பாதவரைப் பட்டாசு வேலையில் வைப்பது குற்றம், குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லலாம்.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் உங்கள் எண்ணைக் கேட்டு வாங்கி வீட்டில் ஒருவரிடமாவது கொடுத்து வையுங்கள். எண்ணிக்கைக் கூலிக்காரருக்கும் அது உண்டு. வேலையில் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் காப்பீடு செல்லும்.

விபத்துக்குப் பிறகு

தீப்பட்ட இடத்தில் இருபது நிமிடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீர் ஓடட்டும். மஞ்சள், பேஸ்ட், மை எதுவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

இ.எஸ்.ஐ.யில் இருந்தவர் இறந்தால், சார்ந்தோர் உதவியாகச் சராசரி நாள்கூலியில் 90 சதவீதம் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். இ.எஸ்.ஐ. பொருந்தாத இடத்தில் 2025 நவம்பர் வரை 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. அதன் அடிப்படைகள் இப்போது 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் தொடர்கின்றன. இ.எஸ்.ஐ. உதவியையும் இந்த இழப்பீட்டையும் ஒருசேரப் பெற முடியாது.

மரண இழப்பீட்டுக் கணக்கு இப்படி: மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. கூலி 12,000 ரூபாய் என்றால் இழப்பீடு 11,05,020 ரூபாய்.

இந்த இழப்பீட்டுச் சட்டத்தில் நான்கு விஷயங்கள் குடும்பங்களுக்குச் சொல்லப்படுவதே இல்லை.

ஒன்று: முதலாளி மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இறந்தாலோ, இனி எந்த வேலையும் செய்ய முடியாதபடி முடங்கிப்போனாலோ, "அவர்தான் விதியை மீறினார்" என்ற வாதமும் எடுபடாது.

இரண்டு: குத்தகைக்காரர்தான் கூலி கொடுத்தார் என்றாலும் ஆலைக்காரர் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

மூன்று: மரண இழப்பீட்டை அதற்கென உள்ள அரசு அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். கையில் கொடுத்து, 'இனி எந்த உரிமையும் கோர மாட்டோம்' என்று எழுதி வாங்கினால் அந்தத் தாள் செல்லாது.

நான்கு: இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும்.

முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ், கூலிச் சீட்டு ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். கூலிச் சீட்டு இல்லையென்றால் ஒரே வேனில் வேலைக்குப் போனவர்களின் சாட்சியமும் உதவும். பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமோ 15100 என்ற உதவி எண்ணிலோ கேட்கலாம். அரசு அறிவிக்கும் நிவாரண நிதி வேறு. அதை வாங்கினால் இழப்பீடு போய்விடாது.

அடுத்த முறை 'உராய்வு' என்று செய்தியில் படித்தால் அதற்கு முந்தைய கேள்விகளைக் கேளுங்கள். அந்த அறையில் எத்தனை பேர்? எத்தனை கிலோ? எந்த உரிமம்? நேற்றைய மருந்தா, இன்றைய மருந்தா? இவற்றில் எதற்கும் இறந்தவர் பதில் சொல்ல வேண்டியதில்லை.