கடைசிச் சிப்பாய் ஒரு வந்தேறி

2008 மார்ச் 17ஆம் தேதி, பாரிஸின் இன்வலீத் தேவாலயத்தில் பிரான்ஸ் அரசே திரண்டு நின்று ஒரு முதியவருக்கு விடை கொடுத்தது. நாடெங்கும் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. சவப்பெட்டிக்குள் இருந்தவர் பிறந்தது இத்தாலியில். பெட்டியைச் சுமந்தவர்கள், வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ளும் ‘அயல்நாட்டுப் படை’யின் வீரர்கள். நினைவுரை ஆற்றிய வரலாற்றாசிரியர் மாக்ஸ் கல்லோ, இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்களின் மகன். முன்வரிசையில் நின்ற குடியரசுத் தலைவர் நிக்கோலா சர்க்கோசியின் தந்தையோ ஹங்கேரிக்காரர். அந்தச் சர்க்கோசியின் ஆட்சியில்தான் ‘குடியேற்றம், தேசிய அடையாளம்’ ஆகியவற்றுக்கென்றே ஓர் அமைச்சகம் முதன்முறையாகத் தொடங்கப்பட்டு நடந்துகொண்டிருந்தது.

இறந்தவர் பெயர் லசார் பொந்திசெல்லி. வயது 110. முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போரிட்டவர்களில் உயிரோடு இருந்த கடைசி மனிதர். அந்தப் போருக்குப் பிரான்ஸ் திரட்டியது ஏறத்தாழ 84 லட்சம் பேரை. அவர்களில் சுமார் 14 லட்சம் பேர் திரும்பவில்லை. மிஞ்சியவர்களை முதுமை ஒவ்வொருவராகக் கொண்டுபோய், கடைசியில் விட்டுவைத்தது ஓர் இத்தாலியரை!

வடக்கு இத்தாலியின் பியாசென்சா மாவட்டத்தில், பெத்தோலா என்ற மலையூரை ஒட்டிய குக்கிராமத்தில் 1897 டிசம்பரில் பிறந்தார். ஏழு பிள்ளைகள் உள்ள வீடு. தாய் வயல்வேலை போதாமல் போ நதிச் சமவெளியின் நெல்வயல்களுக்கும் கூலிக்குப் போனவர். அதிலும் வயிறு நிறையாதபோது பிரான்சுக்குப் புறப்பட்டார். பின்னர் தந்தையும் மூத்த அண்ணனும் இறந்துபோக, மற்றவர்களும் பாரிஸுக்குக் கிளம்பினார்கள். சின்னப் பையன் லசாருக்கு ரயில் கட்டணம் கொடுக்க வழியில்லை. பக்கத்து வீட்டார் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார்கள். அவன் மரச்செருப்பு செய்து காசு சேர்த்தான். ஒன்பது வயதில் பயணச்சீட்டு வாங்கித் தனியாக ரயிலேறிவிட்டான். பிரெஞ்சில் ஒரு சொல் தெரியாது. எழுதப் படிக்கவும் தெரியாது. பாரிஸை அடுத்த நோஜான்-சுர்-மார்ன் ஊரில் புகைபோக்கி துடைக்கும் வேலை கிடைத்தது. அதன் பிறகு பாரிஸ் தெருக்களில் செய்தித்தாள் விற்றான்.

பிரான்ஸ் அன்று இத்தாலியர்களைக் கைநீட்டி வரவேற்றது என்று நினைத்துவிடக் கூடாது. லசார் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1893 ஆகஸ்டில், தெற்கே எக்-மோர்த் உப்பளங்களில் வேலைக்கு வந்திருந்த இத்தாலியர்களை உள்ளூர்க் கும்பல் அடித்தே கொன்றது. வழக்கு நடந்தது, அத்தனை பேரும் விடுதலை. மறு ஆண்டு லியோன் நகரில் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவரை ஓர் இத்தாலிய இளைஞன் குத்திக் கொன்றபோது, அங்கே இத்தாலியர்களின் கடைகள் சூறையாடப்பட்டன. ‘நம் வேலையைப் பறிக்க வந்தவர்கள்’ என்பதுதான் அன்றும் குற்றச்சாட்டு.

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. பதினாறு வயது லசார், வயதைக் கூட்டிச் சொல்லி அயல்நாட்டுப் படையில் சேர்ந்தார். தனக்குச் சோறு போட்ட நாட்டுக்கு நன்றி சொல்லும் வழி அது என்பார். முதலில் கிடைத்த வேலை, பதுங்குகுழியும் பிணக்குழியும் தோண்டுவது.

ஆர்கோன் காட்டில் நடந்த ஒரு சம்பவத்தைத் தள்ளாத வயதிலும் பேட்டிகளில் சொல்லிக்கொண்டிருந்தார். இரு தரப்புப் பதுங்குகுழிகளுக்கும் நடுவே, கால் போன ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் உதவி கேட்டு அலறிக்கொண்டே கிடந்தார். காயம்பட்டவர்களைத் தூக்கிவரும் ஆட்களுக்கே துணிச்சல் வரவில்லை. லசார் முள்கம்பி வெட்டும் கருவியோடு ஊர்ந்து போனார். வழியில் முதலில் கிடைத்தவர் காயம்பட்ட ஒரு ஜெர்மானியர். அவர் இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு பிள்ளைகள் என்று லசாருக்குப் புரிந்தது. அவரை அவருடைய ஆட்கள் பக்கம் கொண்டுசேர்த்துவிட்டுத் திரும்பிப் பிரெஞ்சுக்காரரைத் தூக்கி வந்தார். அந்த மனிதர் கட்டி முத்தமிட்டு, என் நான்கு பிள்ளைகள் சார்பில் நன்றி என்றாராம். இத்தனை ஆண்டுகளில் நினைவு கொஞ்சம் மெருகேற்றியும் இருக்கலாம். ஆனால் போர் பற்றி யார் கேட்டாலும் லசார் வந்து நிற்கும் இடம் இதுதான்: எதிரே நிற்பவன் தகப்பன், அவனைச் சுடச் சொல்கிறார்கள், இதைவிட முட்டாள்தனம் என்ன இருக்கிறது?

1915 மே மாதம் இத்தாலியும் போரில் இறங்கியது. இத்தாலியக் குடிமகன் இத்தாலியப் படையில்தான் இருக்க வேண்டும் என்றது சட்டம். லசார் போக மறுத்தார். இரண்டு காவலர்கள் இத்தாலியின் துரின் வரை கூட்டிப்போய் ஒப்படைத்தார்கள். ஆல்ப்ஸ் மலைப்படையில் இயந்திரத் துப்பாக்கி இயக்கினார். கன்னத்தில் குண்டுச் சில் கிழித்து ரத்தம் கொட்டியபோதும் சுடுவதை நிறுத்தவில்லை. 1918இல் நச்சுவாயுத் தாக்குதலில் தோழர்கள் நூற்றுக்கணக்கில் சாவதைப் பார்த்தார். ஆல்ப்ஸ் மலைமுனையில் வேறொன்றும் நடந்தது. அவர் இருந்த பிரிவினர் எதிரிலிருந்த ஆஸ்திரியர்களுக்கு ரொட்டி கொடுத்துப் புகையிலை வாங்கிக்கொண்டார்கள், ஒருவரையொருவர் சுடாமல் இருந்தார்கள். மேலிடத்துக்குத் தெரிந்ததும் அவர்களை இன்னும் கடுமையான முனைக்கு மாற்றிவிட்டார்கள்.

போர் முடிந்து படையிலிருந்து விடுபட்டதும் நேராகப் பிரான்ஸ். 1923இல் இரண்டு சகோதரர்களோடு சேர்ந்து ‘பொந்திசெல்லி சகோதரர்கள்’ நிறுவனத்தைத் தொடங்கினார். தொழிற்சாலைப் புகைபோக்கிகளும் குழாய்களும் அமைக்கும் தொழில். சிறுவயதில் புகைபோக்கிக்குள் கரி துடைத்தவருக்கு இது புதிய உலகமும் அல்ல. கல்யாணம், பிள்ளைகள், தொழில் என்று நாற்பது ஆண்டுகள் ஓடின. இந்தப் பகுதியைச் செய்தித்தாள்கள் இரண்டு வரியில் முடித்துவிட்டன. எனக்கென்னவோ அவர் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டிய காலம் இதுதான் என்று தோன்றுகிறது. போர் அவரிடம் நான்கு ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. அவராகக் கட்டியது இதை.

பிரெஞ்சுக் குடியுரிமை எப்போது கிடைத்தது தெரியுமா? 1939இல். பிரான்சுக்காகத் துப்பாக்கி தூக்கி இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, அடுத்த போரின் வாசலில்! அப்போதும் சிப்பாயாகப் போக முன்வந்தார். வயதாகிவிட்டது, நிறுவனத்தை நடத்துவதே உதவி என்றுவிட்டார்கள். நாஜிகள் பிரான்சைப் பிடித்த பிறகு எதிர்ப்பு இயக்கத்துக்குத் துணை நின்றார். 1960இல் ஓய்வு பெற்று, இறுதிவரை பாரிஸை ஒட்டிய லெ கிரெம்லன்-பிசேத்ரில் குடும்பத்தோடு வாழ்ந்தார். பதக்கங்கள் ஒரு செருப்பு அட்டைப்பெட்டியில் கிடந்தன. ஆனால் ஆண்டுதோறும் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11 அன்று ஊர் நினைவுத்தூணுக்குப் போவதை மட்டும் 2007 வரை விடவில்லை.

2005இல் அன்றைய குடியரசுத் தலைவர் ஷிராக், கடைசியாக மறையும் வீரருக்கு அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு என்று அறிவித்தார். லசார் வேண்டாம் என்றார். பெயர் தெரியாமல் மண்ணில் மட்கியவர்களுக்குச் செய்யாத மரியாதை எனக்கு மட்டும் ஏன், அது அவர்களை அவமதிப்பது என்பது அவர் வாதம். 2008 ஜனவரியில், மிஞ்சியிருந்த இன்னொரு வீரர் லூயி த கசனாவ் இறந்து, தான் மட்டும் மிஞ்சியபோது மனம் மாறினார். அதுவும் நிபந்தனையோடு: எளிமையாக இருக்க வேண்டும், ஊர்வலம் கூடாது, இறந்த அனைவரின் பெயரால் நடக்க வேண்டும். அந்த அனைவரில் நம் பக்கத்து ஆட்களும் உண்டு. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நிற்கும் பிரெஞ்சுப் போர் நினைவகம், அதே போரில் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்கானது.

கிழவர் கேட்டபடி சடங்கு எளிமையாகவே நடந்தது. ஆனால் அவரைக் கொண்டாடிய அதே அரசு, நான்கு மாதங்களுக்கு முன்புதான் புதுச் சட்டம் போட்டிருந்தது. பிரான்சிலுள்ள குடும்பத்தோடு சேர வருபவர்கள் சொந்த நாட்டிலேயே பிரெஞ்சு மொழிச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்றது அது. 2007 அக்டோபரில் பாரிஸில் குடியேற்ற வரலாற்று அருங்காட்சியகம் திறந்தபோது சர்க்கோசி எட்டிப்பார்க்கவில்லை. இன்றைய இத்தாலியருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் கதவு திறந்தே இருக்கிறது, அந்தச் சட்டம் அவர்களைத் தொடவில்லை. லசாரின் தாய் நின்ற இடத்தில் இப்போது நிற்பவர்கள் மாலியிலிருந்தும் அல்ஜீரியாவிலிருந்தும் வருபவர்கள், பாரிஸின் லா ஷப்பேல் தெருக்களில் கடை போட்டிருக்கும் ஈழத்தமிழரின் உறவினர்கள். செத்த குடியேறிக்கு மரியாதை செய்வது அரசுகளுக்கு எப்போதும் சுலபம்.

லசார் இவ்ரி கல்லறையில், குடும்பத்தாரின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். குடியேற்ற, தேசிய அடையாள அமைச்சகம் 2010 நவம்பரில் கலைக்கப்பட்டது. பொந்திசெல்லி சகோதரர்கள் நிறுவனம் 2023இல் நூறு ஆண்டுகளை நிறைவு செய்து, ஆயிரக்கணக்கான தொழிலாளர்களோடு நடந்துகொண்டிருக்கிறது.