பன்னிரண்டே படங்கள்

கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில் அமைந்த ஊர் கொல்லயில். சிறிது தொலைவு சென்றால் தமிழ்நாட்டு எல்லை. இப்பகுதியின் பழைய வீடுகளில் பரணை ஒழுங்குபடுத்தும்போது, பித்தளைப் பாத்திரங்களுக்கிடையே சில வேளை ஒரு பழைய கேமராவும் கிடைப்பதுண்டு. கிடைத்தவுடன் அதன் பின்கதவைத் திறந்து பார்ப்பதே பலரும் செய்யும் முதற்காரியம். செய்யக்கூடாத காரியமும் அதுவே. தாத்தாவோ பெரியப்பாவோ பாதி எடுத்து நிறுத்திய படச்சுருள் உள்ளே இருக்கக்கூடும்.

படச்சுருளின் மேல் வெள்ளி உப்புகள் பூசப்பட்டுள்ளன. ஷட்டர் ஒரு நொடியின் சிறு பகுதிக்குத் திறக்கும்போது லென்ஸ் வழியே வரும் ஒளி அவ்வுப்புகளில் மாற்றத்தை உண்டாக்குகிறது. படம் பதிந்துவிட்டது; ஆனால் கண்ணுக்குத் தெரியாது. இதனை மறைபடிமம் என்பர். சுருளைக் கழுவும்வரை அது அவ்வாறே மறைந்திருக்கும். அதற்குமுன் கதவு திறந்தால், உள்ளே பாயும் வெளிச்சம் படங்களை அழித்துவிடும். எனவே முதலில் சுருள் நகர்த்தும் திருகைச் சற்றே திருப்பிப் பார்க்கவேண்டும். இறுக்கம் தெரிந்தாலோ, பின்புறச் சிவப்புச் சாளரத்தில் எண் தென்பட்டாலோ, உள்ளே சுருள் இருக்கிறது என்று பொருள். முழு இருட்டில் அதனை வெளியே எடுக்கத் தெரிந்த ஸ்டூடியோக்காரரிடம் கொடுப்பதே முறை.

இந்திய வீடுகளில் அக்காலத்தில் பரவலாக இருந்தது அக்ஃபா கிளிக் III என்னும் எளிய கேமரா. வடோதராவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் அதனைத் தயாரித்தது. 120 என்னும் அளவுடைய சுருள் அதற்கு ஏற்றது. ஒரு சுருளில் சதுர வடிவப் படங்கள் பன்னிரண்டே விழும். கைப்பேசியில் ஒரு பிறந்தநாள் விழாவுக்கு இருநூறு படங்கள் எடுத்துப் பழகியவர்களுக்கு இந்த எண்ணிக்கை முதலில் கஞ்சத்தனமாகவே தோன்றும்.

சுருள் வாங்குவதற்குமுன் கேமராவைச் சோதிக்கவேண்டும். இரு பருவமழைகளும் நனைக்கும் இந்நாட்டில் லென்ஸுக்குப் பகை பூஞ்சை. லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், சிலந்தி நூல் போன்ற கோடுகளாக அது தெரியும். சிறிதளவு இருந்தால் படம் சற்று மங்கும், அவ்வளவே. சட்டை நுனியால் தேய்த்தால் கீறல் விழும்; கீறல் ஒருநாளும் மறையாது. செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து, காற்றுப் புகாத டப்பாவில் கேமராவோடு வைத்தால் ஈரம் அண்டாது.

படச்சுருள் ஒருகாலத்தில் நம் நாட்டிலேயே உருவானது. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு ஆலை, 1967 முதல் ‘இந்து’ என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருளைத் தயாரித்தது. இந்து என்றால் நிலவு. வெள்ளி பூசிய பொருளுக்கு நல்ல பெயர்தான். மருத்துவமனைகளுக்கான எக்ஸ்-ரே பிலிமும் அங்கே உருவானது. வண்ணச் சுருளும் பின்னர் டிஜிட்டல் கேமராவும் பரவியபோது விற்பனை தேய்ந்தது, ஆலையும் மூடப்பட்டது. இன்று இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும் சுருள்களையே வாங்கவேண்டியுள்ளது. விலை மிகுதி. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் கணக்குப் பார்ப்பது நல்லது.

சுருளை நிழலில் நின்று பொருத்தவேண்டும். காகிதத்தின் நுனியை வெற்று உருளையின் பிளவில் செருகி, ஓரிரு சுற்றுச் சுற்றிக் கதவை மூடி, சாளரத்தில் 1 என்னும் எண் வரும்வரை திருகவேண்டும். ஒரு படம் எடுத்ததும் அடுத்த எண்ணுக்கு நகர்த்துவது முக்கியம். மறந்தால் ஒரே கட்டத்தில் இரு படங்கள் விழுந்து, பாட்டியின் முகத்தில் வாழைமரம் முளைத்திருக்கும்!

தொடங்குவோர்க்கு உகந்தது 100 அல்லது 125 வேகமுள்ள சுருள். இடம், நல்ல வெயில் விழும் முற்றம். ரப்பர்த் தோட்டத்து நிழல் கண்ணுக்கு வெளிச்சமாகத் தோன்றினாலும் சுருளுக்கு இருட்டே. அங்கு 400 வேகம் வேண்டும். வெயில், மேகம் என்னும் குறிகளில் எதனை வைத்து எடுத்தோம் என்பதை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், பிழை எங்கே நேர்ந்தது என்று பின்னர் அறியலாம்.

பன்னிரண்டாவது படத்துக்குப்பின் சுருளைக் கழுவவேண்டும். டெவலப்பர் என்னும் கரைசலில், ஒளிபட்ட உப்புகள் கருநிற வெள்ளியாக மாறுகின்றன. ஹைப்போ என்னும் கரைசல் எஞ்சிய உப்புகளை நீக்குகிறது. டெவலப்பருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். இங்கே குழாய்நீரே அதைவிட வெதுவெதுப்பானது. ஆதலால் கரைசல் புட்டியைப் பனிக்கட்டி இட்ட நீரில் நிறுத்திக் குளிர்விப்பர். குளிர்விக்காவிட்டால் படம் அளவுக்குமீறிக் கருத்துவிடும்.

கழுவி உலர்த்திய நெகடிவில் எல்லாம் தலைகீழ். வானம் கறுப்பு, கூந்தல் வெள்ளை. பரணில் கிடைத்த கேமராவின் பழஞ்சுருளையும் இவ்வாறே கழுவலாம். பல ஆண்டு ஈரத்திலும் வெப்பத்திலும் கிடந்தமையால் பெரும்பகுதி மூட்டமாகவே இருக்கும். ஆயினும் அம்மூட்டத்துக்குள் ஒரு திண்ணையும், அதில் அமர்ந்திருக்கும் ஒருவரும் தெரியலாம். அவர் யார் என்று சொல்லக்கூடியவர் வீட்டில் இருக்கும்போதே அதனைக் கழுவிவிடவேண்டும்.